மேல்வீட்டு வால்வு

1

"நாளைக்கு நான் போறேன் அத்தை, நீங்க இங்க இருந்து—"

"நீங்க போங்க மாப்பிள்ளை, யாரு வேணாம்னா? நானும்—"

"நீங்களும் வந்துட்டா இத யாரு—"

"பெத்தவ நான் போகாம வேற யாரு—"

"கட்டினவன் நான் போகாம—"

"நான் பேசி முடிச்சுக்கறேன்."

"நீங்க முடிக்கவே மாட்டீங்களே!"

"மொதல்ல அந்த வால்வ விடுங்க. விரலெல்லாம் வெளுத்துப் போச்சு பாருங்க."

"விட்டா தண்ணி ஏறும்."

"பிடிச்சிருந்தா?"

"பிடிச்சிருந்தாலும் ஏறுது. கொஞ்சம் மரியாதையா ஏறுது."

இந்தக் கதை எனக்கு மேலேயிருந்து வந்தது. பெரிதாக எதுவும் நினைத்துவிடாதீர்கள், மேல்வீட்டிலிருந்து வந்தது. என் கூடத்துக் கூரையில் முதலில் ஒரு ஈரத் திட்டு, அப்புறம் சொட்டு. சொட்டுக்குக் கீழே ஒரு குண்டானை வைத்துவிட்டு, நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்று படியேறினேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு மீன்தொட்டியின் முன்னால், முழங்கால் வரை நனைந்த இரண்டு பேர் ஒருவர் பேச்சின் மேல் ஒருவர் ஏறிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும், "வாங்க கீழ்வீட்டம்மா, உக்காருங்க" என்று இருவரும் ஒரே சமயத்தில் சொன்னார்கள். அன்று காலை அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

கொண்டுபோன நாலு வார்த்தையையும் விழுங்கிவிட்டு உட்கார்ந்தேன். எனக்குக் கதைகள் இப்படித்தான் வரும். முதலில் குரல், முகம் பிறகுதான். சில கதைகளில் முகம் கடைசிவரை வராமலே போயிருக்கிறது, யாரும் கேட்டதில்லை.

2

முறையாகத் தொடங்கிப் பார்த்தேன்.

(அ) 'தண்ணீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்பது—' வேண்டாம். இப்படித் தொடங்குகிற கதைகளை நானே இரண்டாம் வரியில் மூடிவைத்துவிடுவேன்.

(ஆ) 'மருத்துவர் படம் வரைந்து காட்டியபோது அவள்—' எவள்? இன்னும் யாரையும் உள்ளே கூப்பிடவில்லையே.

சரி, கூப்பிடுகிறேன். மூன்று பேர்தான். ஒருத்தி மாமியார், மகள் வீட்டில் வந்து தங்கியிருக்கிறாள். இன்னொருவர் மாப்பிள்ளை, எடை அளவு ஆய்வாளர், கடை கடையாகப் போய்த் தராசு சரியாக நிற்கிறதா என்று பார்ப்பது உத்தியோகம்.* மூன்றாவது, இந்த இருவருக்கும் நடுவில் இருக்க வேண்டியவள், மகள். அவள் வீட்டில் இல்லை. கழுத்தில் ஒரு கட்டி. மறுநாள் அறுவை சிகிச்சை. கெட்ட கட்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு கட்டியை ஒட்டி ஓடுகிறது என்று மருத்துவர் படம் வரைந்து காட்டியிருக்கிறார். "பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. சிலருக்குக் கொஞ்ச நாள் கரகரக்கும். ரொம்ப அபூர்வமா, பழைய குரல் வராமலே போயிடலாம். மயக்கம் தெளிஞ்சு பேச வச்சுப் பாத்தாதான் தெரியும்."

அந்தப் பேச்சைத்தான் இருவரும் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். முதல் வார்த்தையை. இருவருக்கும் வேறு கோரிக்கை இல்லை. சிக்கல் என்னவென்றால், வீட்டைவிட்டு இருவரும் சேர்ந்து நகர முடியாது.

(* மாமியாருக்கு 'ள்', மாப்பிள்ளைக்கு 'ர்' போட்டுவிட்டேனே என்று கோபிக்க வேண்டாம். கதை அவள் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிறது. அவள் அவரை 'வாங்க போங்க' என்றுதான் திட்டுவாள்.)

3

அந்தத் தொட்டி மகளுடையது. மாமியார் இங்கே வந்த புதிதில், மேலே ஒரு தொட்டி, கீழே அலமாரிக்குள் ஒரு தொட்டி, எதற்கு இரண்டு என்று கேட்டாள். மகள் விளக்கினாள்.

"மேல மீனு. இந்த ஓரத்துல சீப்பு மாதிரி பல்லு வச்ச தடுப்பு இருக்கு பாரு. அதத் தாண்டி வழியற தண்ணி இந்தத் தடிக் குழாய்ல கீழ எறங்கும். கீழ பஞ்சு, கல்லு எல்லாம் தாண்டிச் சுத்தமாகும். கடைசி அறையில மோட்டார். அது இந்தச் சின்னக் குழாய்ல திரும்ப மேல ஏத்தும். அவ்வளவுதாம்மா. எறங்கும், ஏறும்."

"நாள் பூராவா?"

"நாள் பூரா."

"மோட்டாருக்குக் கால் வலிக்காதா?"

மகள் சிரித்தாளாம். இதை என்னிடம் சொன்னபோது மாமியார் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பின் சத்தத்தை மனதுக்குள் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பவள்போல இருந்தாள்.

தொட்டி ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மகளைச் சேர்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், மாப்பிள்ளைக்குச் சும்மா உட்கார முடியவில்லை. நாற்காலியை நகர்த்தினார். நகர்த்தியதைத் திரும்ப நகர்த்தினார். அப்புறம் அலமாரிக் கதவைத் திறந்தார். இறங்குகிற குழாய் தடி. ஏறுகிற குழாய் மெல்லிசு. இறங்குகிற குழாயில் ஒரு வால்வு, அதுவும் வாயை முழுக்கப் பிளந்துகொண்டு.

"இதெப்படி அத்தை? போறது இவ்வளவு, வர்றது இவ்வளவுன்னா, ஒரு நாள் மேல காலியாயிடாதா?"

"அட ஆமா" என்றாள் மாமியார். (இதை அவள் ஒப்புக்கொள்ளத் தயங்கினாள். "நானும்தான் 'ஆமா'ன்னேன், அத எழுதிக்கோங்க, அவர் ஒருத்தர் தலையில கட்டாதீங்க" என்றாள் பிறகு. எழுதிவிட்டேன்.)

இரண்டு தட்டும் நேராக நிற்காவிட்டால் மாப்பிள்ளைக்குச் சாப்பாடு இறங்காது. வால்வைக் கொஞ்சம் திருகினார். தண்ணீர் கொஞ்சம் ஏறியது. கொஞ்சம் திறந்தார். குழாய் காற்றை உறிஞ்சிக் கரட் கரட் என்றது. மறுபடி திருகினார். ஒரு புள்ளியில் மேலே ஏறவும் இல்லை, கீழே இறங்கவும் இல்லை. முள் நடுவில் நின்றது. அன்று அவர் நன்றாகத் தூங்கினார்.

காலையில் தொட்டி விளிம்புவரை ததும்பிக்கொண்டு நின்றது. பாதி மூடிய வால்வின் இடுக்கில் ஒரு இலைத் துணுக்கு. இன்னொரு நாள் ஒரு நத்தை. நத்தை இல்லாத நாளில் காரணமே இல்லாமல் ஏறியது. மேலே ஏறின தண்ணீர் கீழே குறையுமல்லவா? மோட்டார் காய்ந்து கத்தும். கத்துகிறதே என்று ஒரு வாளி புதுத் தண்ணீரைக் கீழே ஊற்றுவார்கள். மேலே போனது திரும்பி வரும்போது கீழே இடம் இருக்காது. ஆக, எப்போதும் ஒருவர் முக்காலி போட்டு வால்வுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. காலையில் இவர் ஆஸ்பத்திரிக்குப் போனால் அவள் காவல். மாலையில் அவள் போனால் இவர்.

வாசகர்கள் இங்கே கை தூக்குவார்கள். மோட்டாரை நிறுத்திவிட்டுப் போனால் என்ன? நானும் கேட்டேன்.

"நிறுத்திப் பாத்தோம், கீழ்வீட்டம்மா" என்றார் மாப்பிள்ளை. "இன்னைக்குக் காலையில."

"அப்புறம்?"

"மேல இருந்த தண்ணி ரெண்டு குழாய் வழியாவும் கீழ வந்துச்சு. கீழ ஏற்கெனவே ரொம்பி இருந்துச்சு. அதனால..."

மூவரும் தரையைப் பார்த்தோம். என் கூடத்துச் சொட்டின் பூர்வீகம் அதுதான்.

மகளிடமே கேட்டிருக்கலாமே? மறுநாள் கழுத்தில் கத்தி வைத்துக்கொள்ளப் போகிறவளிடம், நீ நன்றாக வைத்துவிட்டுப் போனதை நாங்கள் கெடுத்துவிட்டோம் என்று யார் வாயைத் திறப்பது? ஒருவர் மாற்றி ஒருவர் போய், "எல்லாம் அது பாட்டுக்கு ஓடுது" என்று சொல்லிவிட்டு வந்தார்கள்.

கீழ்வீட்டுக்காரி நீ போய் உட்கார வேண்டியதுதானே என்று கேட்கிறீர்கள். கேட்பீர்கள். உட்காருகிறேன் என்று சொன்னேன். மாப்பிள்ளை வால்வை என் கையில் கொடுத்துப் பார்த்தார். தலைமுடி அளவு திருப்பச் சொன்னார். என் விரல் முட்டிகளுக்குத் தலைமுடி அளவெல்லாம் தெரியவில்லை. கால் சுற்று சுற்றிவிட்டேன். அவர் பதறி வாங்கிக்கொண்ட வேகத்தில், என்னை இந்தக் கதையிலிருந்து மரியாதையாக வெளியேற்றிவிட்டார்கள் என்பது புரிந்தது. கீழே வந்துவிட்டேன். இனி நான் கேட்டது பாதி, கட்டினது பாதி.

3 (மறுபடி)

மாமியாரைப் பற்றி ஒரு சந்தேகம். முதல் பிரதியில் அவளை வாயில்லாப் பூச்சியாக எழுதியிருந்தேன்: ஓரமாக நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு— அந்த வாக்கியம் முடிவதற்குள் மேலேயிருந்து ஒரு அதட்டல் கேட்டது. அந்த வரியை அடித்துவிட்டேன்.

மாப்பிள்ளையைப் பற்றியும் சந்தேகம். மனைவியைவிட மீன் பெரிதா என்று உங்களுக்குத் தோன்றலாம். அவருக்கு மீன் பிடிக்கவே பிடிக்காது. அதிலும் ஒரு கொழுத்த ஆரஞ்சு மீன் இருக்கிறது, மகள் அதை 'மேனேஜர்' என்று கூப்பிடுவாள். எந்த வேலையும் செய்யாமல் எல்லாரையும் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கும். அதற்கும் இவருக்கும் ஆகாது. ஆனால் அவள் திரும்பி வரும்போது அது இருக்க வேண்டும். வேறொன்றும் அவர் கையில் இல்லை. நரம்பு இல்லை, கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. ஒரு வால்வு இருந்தது.

மத்தியானம் மேலே பேச்சு தணிந்திருந்தது. தணிந்த பேச்சைக் கேட்க நான் ஜன்னல் ஓரம் நாற்காலியை இழுத்துக்கொண்டேன்.

"அவ கண்ணு முழிச்சுப் பேசறப்போ... சரியா வரலைன்னு வைங்க அத்தை. அந்த நேரம் நான் பக்கத்துல இருக்கணும். அவ மொகத்தப் பாத்துட்டு ஒண்ணுமே ஆகாத மாதிரி நிக்கணும்."

"உங்களால முடியாது. உங்க மொகம் கண்ணாடி."

"உங்க மொகம்?"

"நான் பெத்தவ. எனக்குப் பழக்கம்."

"சரியா வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா நான் இருக்கணும்."

"ரெண்டுக்கும் நீங்களேவா!"

"அவ பொறந்தப்போ மொதல் சத்தத்தக் கேட்டவ நான், மாப்பிள்ளை."

"அதான் ஒரு தடவ கேட்டுட்டீங்களே, அத்தை! எனக்கும் ஒரு தடவ குடுங்களேன்."

அதைக் கேட்ட மாமியாரின் முகம் எப்படி இருந்தது என்று எழுத வேண்டிய இடம் இது. எனக்குத் தெரியாது. கூரைக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். அவளுக்குக் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபம் அவர் மேல் போகாமல் வேறு எங்காவது போயிருக்கும்.

4

போனது. வால்வின் மேல்.

"நகருங்க" என்றாள்.

"என்ன பண்றீங்க?"

"இவ்வளவு நாளா இத மூடி மூடிப் பாத்தாச்சு. தொறந்து விடறேன். காலியாகணும்னா ஆகட்டும். மேனேஜர வாளியில போட்டு ஆஸ்பத்திரிக்கே தூக்கிட்டுப் போறேன்."

"அத்தை, வேணாம், அத்தை—"

திறந்துவிட்டாள். முழுக்க. கைப்பிடி அதற்கு மேல் திரும்ப மாட்டேன் என்கிறவரை.

இங்கே ஒரு கதைக்கு வெள்ளம் வேண்டும். நான் எழுதினேன்: 'தடிக் குழாய் உறுமியது. தண்ணீர் அலமாரிக் கதவைத் தள்ளிக்கொண்டு கூடம் முழுக்க— மேனேஜர் தரையில் துடித்துக்கொண்டு— மாப்பிள்ளை அதை இரண்டு கையாலும்—' நன்றாகவே வந்தது. அவர் கையில் அந்த மீன் வழுக்குவதுகூட எனக்குத் தெரிந்தது. ஆனால் என் கூரையைப் பார்த்தேன். திட்டு காலையில் இருந்த அளவிலேயே இருந்தது. கூரை சாட்சி சொல்லும்போது நான் எப்படிப் பொய் எழுதுவது?

நடந்தது இது. குழாய் உறுமியது உண்மை. தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கியது. கீழ்த்தொட்டியில் ஏறியது. இருவரும் ஆளுக்கொரு வாளியோடு குனிந்து நின்றார்கள்.

"எறங்குது."

"எறங்குது, எறங்குது."

"கீழ ஏறுது பாருங்க!"

"தெரியுது அத்தை, கத்தாதீங்க."

மேலே மட்டம் தடுப்பின் பல் வரைக்கும் இறங்கியது. அங்கே நின்றது. கீழே விளிம்புக்கு இரண்டு விரல் இருக்கும்போது அதுவும் நின்றது. இருவரும் காத்திருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் காத்திருந்தார்கள். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. மேனேஜர் கண்ணாடிப் பக்கம் வந்து, கையில் வாளியோடு நிற்கும் இரண்டு ஊழியர்களையும் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"ஏன் காலியாகல?" என்று கேட்டாள் மாமியார், ஏமாந்துபோன குரலில்.

மாப்பிள்ளை வாளியைக் கீழே வைத்தார். தடுப்பின் பல்லிடுக்கில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மோட்டாரிலிருந்து வருகிற சின்னக் குழாயை. அப்புறம் மறுபடி பல்லை.

"எப்படிக் காலியாகும்?" என்றார் மெதுவாக. "பல்லத் தாண்டி வர்ற தண்ணிதானே எறங்கும்? மோட்டார் கொண்டுவந்து கொட்டற அளவுதானே தாண்டும்? குழாய் எவ்வளவு அகலமா இருந்தா என்ன... வர்றது மட்டும்தான் போகுது."

"அப்ப சமமா?"

"சமம்தான். அது பாட்டுக்கு."

"யாரும் பிடிக்காமயே?"

"பிடிச்சதாலதான் அத்தை கெட்டுச்சு."

அவர் அப்படியே தரையில், ஈரத்தில், உட்கார்ந்துவிட்டார். எத்தனை கடையில் எத்தனை தராசின் முள்ளைப் பிடித்து நிறுத்தியிருப்பார்! மாமியாருக்கு அவரைப் பார்க்கச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினால் வேறு ஏதோ வந்துவிடும்போல இருந்தது. அதனால் அதட்டினாள்.

"உக்காந்துட்டா ஆச்சா? கரன்ட் போனா? மோட்டார் நின்னா? காலையில பாத்தோமே!"

இதற்கு அவர்களுக்கு உடனே வழி தெரிந்துவிட்டது என்று எழுதினால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் முதலில் ஒரு சின்னச் சண்டை. கீழே இருக்கிற தண்ணீரை எடுக்க வேண்டும் என்றாள் அவள். எடுத்தால் மோட்டார் கத்தும் என்றார் அவர். நாமதான வாளி வாளியா ஊத்தினோம், அத எடுத்தா எப்படிக் கத்தும் என்றாள் அவள். அவர் வாளியை எடுத்தார். கீழே பாதிக்குமேல் இடம் பண்ணிவிட்டு, மோட்டாரை நிறுத்தினார்கள். மேலேயிருந்து வந்தது. மேல்தொட்டியில் சின்னக் குழாயின் வாய் தண்ணீருக்கு மேலே தெரிந்து, காற்றைக் குடித்து, 'ஹக்' என்று ஒரு சத்தம். அதோடு வருவது நின்றது. கீழ்த்தொட்டியில் இன்னும் ஒரு சாண் இடம் மிச்சம்.

அந்த 'ஹக்'கை நானே கேட்டேன். என் கூரையை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். ஒரு சொட்டு இல்லை. மோட்டாரை மறுபடி ஓடவிட்டார்கள், மறுபடி நிறுத்தினார்கள், மறுபடி ஓடவிட்டார்கள். புது வண்டி வாங்கினவர்கள்போல.

"ஒரு தடவ கதவப் பூட்டிட்டுக் கீழ வரைக்கும் போய்ட்டு வரலாமா, அத்தை?"

"எதுக்கு?"

"சும்மா. ரெண்டு பேரும்."

போனார்கள். வாசலில் நின்றார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இருவரும் தெருவில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டு, வெயிலில், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள்போல நின்றார்கள். பிறகு மேலே ஓடினார்கள். மூச்சு வாங்க ஒரு குரல் கேட்டது: "அப்படியேதான் இருக்கு!"

(வடிகுழாயை அகலமாக விடு, ஏற்றுவதை அதைவிடக் குறைவாக வை, கீழே இடம் விடு. இதிலிருந்து வாழ்க்கைக்கு ஒரு பாடம் எடுக்க ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தேன். மீன்தொட்டிக்கு மட்டுமே அது சரியாக இருந்தது.)

5

முடிவு. இங்கே நான் நேர்மையாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை படியில் இரண்டு ஜோடிச் செருப்பு சேர்ந்து இறங்கியது. ஆட்டோவா பஸ்ஸா என்று வாசலில் ஒரு வாக்குவாதம். நாள் முழுக்க மேலே ஒரே சீராகத் தண்ணீர்ச் சத்தம். சாயங்காலம் அதே இரண்டு ஜோடி சேர்ந்து ஏறியது, நடுவழியில் நின்று, யாரோ மூச்சுவிட முடியாமல் சிரித்து, மறுபடி ஏறியது. யார் சிரித்தது என்று சொல்ல முடியவில்லை. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் பிடித்துக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு, தண்ணீர் குடித்தேன்.

முதல் வார்த்தை என்ன என்று கேட்க நான் படியேறவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், அதோடு எனக்கு வேலையும் இருந்திருக்காது. மூன்று முடிவு எழுதி வைத்தேன்.

ஒன்றில் அவள் "அம்மா" என்கிறாள். மாமியாருக்குக் கண் கலங்குகிறது; மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் நகர்கிறார். அந்த ஒரு அடியை என்னால் தாங்க முடியவில்லை.

இன்னொன்றில் அவரைத்தான் கூப்பிடுகிறாள், வீட்டில் மட்டும் கூப்பிடுகிற ஏதோ ஒரு பெயரால். அது என்ன பெயர் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் மாமியார் முன்னால் அதை எப்படிச் சொல்லவைப்பது?

மூன்றாவதில் உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. மூன்றிலும் நன்றாக எழுதப்பட்டது அதுதான். அதனாலேயே அதை முதலில் கிழித்தேன்.

இனி உங்கள் பாடு. கட்டில் இருக்கிறது. கழுத்தில் வெள்ளைக் கட்டு. இந்தப் பக்கம் அவள் அம்மா, அந்தப் பக்கம் அவர். இமை அசைகிறது. உங்களுக்குப் பிடித்ததை அவள் வாயில் வையுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, குரல் கொஞ்சம் கரகரக்கலாம், ஆனால் அது அவளுடையதாக இருக்க வேண்டும்.

எனக்கு ஒன்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் எழுதவில்லை, கேட்கிறது. செவிலி குனிந்து, "எதாவது பேசுங்க பாக்கலாம்" என்கிறாள். மகள் கண்ணைத் திறந்து இந்தப் பக்கம் பார்க்கிறாள். அப்புறம் மெல்ல அந்தப் பக்கம். இருவரும் ஒரே சமயத்தில் குனிகிறார்கள். தலை முட்டிக்கொள்ளப் பார்க்கிறது. அவள் எச்சிலை ஒருமுறை விழுங்கிக்கொள்கிறாள்.

"ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்க... அப்ப இத்தன நாளும் ஏன் ஒருத்தர் ஒருத்தரா வந்தீங்க?"